கொடிக்காரியின் கையெழுத்து

முதலில் காய்ச்சலை வென்றாள். மருத்துவர் கையை விரித்துவிட்டுப் போன காய்ச்சல் அது. பிறகு, தையல்கூடத்தில் ஆண்கள் மட்டுமே பிடித்துவந்த பெரிய கத்தரியை வென்றாள். கூடத்துப் பெண்களுக்குத் தாழ்ப்பாள் வைத்த ஒரு கழிப்பறையை வென்றாள். இருட்டிக் கிடந்த தெருமுனைக்கு ஒரு விளக்கை வாங்கிவந்தாள். வாய்க்காலின் இந்தக் கரையையும் அந்தக் கரையையும் உண்மையாகவே சேர்க்கிற ஒரு பாலத்தை வென்றாள். அதற்காக, ஊரின் இரண்டு கட்சிகளும் மாறி மாறி உட்கார்ந்து தேய்த்துவந்த சட்டசபை நாற்காலி ஒன்றையும் வென்றாள். அதில் ஒரே தடவைதான் உட்கார்ந்தாள். பாலத்தில் ஆட்கள் நடக்கத் தொடங்கியதும், “வந்த வேலை முடிஞ்சுது” என்று எழுந்து வந்துவிட்டாள்.

தங்கையைப் பற்றி அக்கா சொல்லும் வரிசை இது. வரிசை மாறினால் அவளுக்குப் பிடிக்காது. அரசு மருத்துவமனையின் துணிக் கிடங்கில் வேலை பார்ப்பவள் அவள். படுக்கை விரிப்புகளை ஓரத்தோடு ஓரம் பொருத்தி மடித்து அடுக்கினால்தான் அவளுக்கு மூச்சு சீராக வரும். பள்ளிக்கூடத்தில் எட்டாவதுவரை போனாள். தங்கை பள்ளிக்கூடமே போகவில்லை. ஆனால் தங்கையைப் பற்றி ஒரு செய்தித்தாள் ‘திடீரென முளைத்த வேட்பாளர்’ என்று எழுதியபோது, எட்டாவது படித்தவளுக்குத்தான் கோபம் வந்தது.

“திடீர்னு முளைக்க அவ என்ன காளானா?” என்றாள்.

பெயர் சொல்லி யாரும் தங்கையைக் கூப்பிட்டதில்லை. ஊருக்கே அவள் கொடிக்காரி.

*

காய்ச்சல் வந்தபோது தங்கைக்குப் பள்ளியில் சேரும் வயது. வருவதும் போவதுமாக அது அவளைச் சில வருடங்கள் படுக்கையில் வைத்திருந்தது. எழுந்து நடமாடத் தொடங்கியபோது அவள் அக்காவின் தோள் உயரம் வளர்ந்திருந்தாள். அம்மா அவளை ஒன்றாம் வகுப்புக்கு அழைத்துப் போனாள். வாசலில் நின்று எட்டிப் பார்த்த தங்கை, பெஞ்சில் மூக்கொழுக உட்கார்ந்திருந்த வாண்டுகளைக் கண்டதும் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

“இவங்களோட நான் உட்கார மாட்டேன். என் முட்டியே பெஞ்சுக்கு மேல வரும்.”

அம்மா கெஞ்சினாள், அதட்டினாள். டீச்சர் மிட்டாய் காட்டினார். தூண்தான் ஜெயித்தது.

அம்மா வேலை பார்த்த தையல்கூடத்தில் அவளைக் கொண்டுபோய் விட்டார்கள். ஊரில் கொடியும் பேனரும் தைத்துக்கொடுக்கிற கூடம் அது ஒன்றுதான். முதலில் நூல் பிரித்தாள். பிறகு கொடிகளுக்கு ஓரம் அடித்தாள். பிறகு ஒருநாள், எழுத்து வெட்டுகிற ஆள் வராதபோது, கேட்காமலே கத்தரியைக் கையில் எடுத்தாள்.

பேனருக்கு எழுத்து வெட்டுவது தனி வேலை. ஒருவர் எழுத்துகளைத் துணியில் சாக்பீஸால் வரைவார். ஒருவர் வெட்டுவார். மூன்றாவது ஆள் வெட்டிய எழுத்துகளைப் பேனரின் மேல் வரிசையாக ஒட்டித் தைப்பார். வெட்டும்போது பிசிறு வரக்கூடாது. சுழியில் கத்தரி திரும்பும்போது துணி இழுபடக்கூடாது. தங்கையின் கத்தரி தண்ணீரில் போவதுபோலப் போனது. முதலாளி சிறிது நேரம் பின்னால் நின்று பார்த்தார். மறுநாள் பழைய ஆள் வந்ததும் அவரை ஓரம் அடிக்க அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து ஊரின் அத்தனை தலைவர்களுடைய பெயர்களும் அவள் கையால்தான் வெட்டப்பட்டன. ஒன்றையும் அவளுக்குப் படிக்கத் தெரியாது.

*

அந்த ஊரில் கட்சிகள் இரண்டு. இரண்டுக்கும் நீளமான பெயர்கள் உண்டு. ஆனால் இரண்டின் அலுவலகங்களும் கடைத்தெருவில் ஒரே கட்டடத்தில் இருந்தன. ஒன்று கீழே, ஒன்று மாடியில். கட்டடக்காரருக்கு இரண்டு பேரும் வாடகை கொடுத்தார்கள், ஒரே மாடிப்படியைப் பயன்படுத்தினார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். மாடிக் கட்சி, கீழ்க் கட்சி என்றால்தான் ஊரில் எல்லோருக்கும் புரியும்.

தேர்தல் வந்தால் முறை மாறும். இந்தத் தடவை மாடி என்றால் அடுத்த தடவை கீழ். யார் வந்தாலும் முதல் வேலையாக மற்றவர் தொடங்கியதை நிறுத்துவார்கள். அப்படித்தான் வாய்க்காலின் மேல் இரண்டு அரைப்பாலங்கள் நின்றன. கீழ்க் கட்சி இந்தக் கரையிலிருந்து கட்டத் தொடங்கிப் பாதியில் தோற்றது. மாடிக் கட்சி வந்தது. பழைய பாலத்தில் கணக்கு சரியில்லை என்று சொல்லி, அந்தக் கரையிலிருந்து புதிதாகத் தொடங்கியது. அதுவும் பாதியில் தோற்றது. ஒன்று உயரம், ஒன்று தாழ்வு. கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி வெவ்வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன.

நடப்பவர்களுக்குக் கீழே இரண்டு பலகைகள்தான். அக்கா தினமும் அவற்றின் மேல்தான் மருத்துவமனைக்குப் போய்வந்தாள். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வாள். அவள் திரும்பி வரும்வரை தங்கை இந்தக் கரையில் நிற்பாள். பிறகு இருவரும் சேர்ந்து வீட்டுக்குப் போவார்கள். தங்கை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவோடும் அவள் கணவரான, லாரி ஓட்டுகிற மாமாவோடும் இரண்டு அறை வீட்டில் இருந்தாள். மாமா வண்டியோடு போய்விட்டால் வாரக்கணக்கில் வீடு அக்கா தங்கை ராஜ்யம்.

“ஏன்க்கா, ஒவ்வொரு தடவையும் திட்டிக்கிட்டே போய் ஓட்டுப் போட்டுட்டு வர்றியே?” என்று தங்கை கேட்பாள்.

“கீழே இருக்கிறவன் சரியில்லைன்னா மாடிக்குப் போடணும். மாடியில இருக்கிறவன் சரியில்லைன்னா கீழே போடணும். வேற எங்கடி போறது? மொட்டை மாடிக்கா?”

ஊரில் பாதிப் பேர் இதையே சொன்னார்கள். மீதிப் பேர் சொல்வதையும் விட்டுவிட்டார்கள்.

*

அந்த வருடம் தேர்தல் நெருங்கியபோது கூடத்தில் தலைக்கு மேல் வேலை. அக்கா வேலை முடிந்து கூடத்துக்கு வந்தாள். தங்கை கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் துணி விரிந்திருந்தது. அதில் சாக்பீஸ் கோடுகள். பக்கத்தில் பேனர் ஒட்டுகிற பெண், வெட்டிய எழுத்துகளுக்காகக் காத்திருந்தாள்.

“என்னடி, கை வலிக்குதா?”

“அக்கா, இந்த வார்த்தையை நான் போன வாரம் மாடிக்காரனுக்கு வெட்டினேன். இன்னிக்குக் கீழ்க்காரனுக்கும் அதே வந்திருக்கு. இது என்ன வார்த்தை?”

அக்கா சுவரில் சாய்த்து வைத்திருந்த மாதிரித் தாளைப் பார்த்தாள். “பாலம். ‘பாலம் தந்த தலைவர்’னு போட்டிருக்கு.”

“மாடிக்காரனுக்கும் அதேதானா?”

ஒட்டுகிற பெண் தலையாட்டினாள். “அதேதான். பேரு மட்டும்தான் வேற.”

தங்கை அந்தக் கோடுகளின் மேல் விரலை ஓட்டினாள்.

“எந்தப் பாலம்?” என்று கேட்டாள்.

அவள் உண்மையாகத்தான் கேட்டாள். ஊரில் வேறெங்கோ ஒரு பாலம் வந்துவிட்டது, தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தாள். ஆனால் கூடம் முழுவதும் குபீரென்று சிரித்தது. தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒருத்தி சிரித்துச் சிரித்துப் பொத்தான் டப்பாவைக் கொட்டிவிட்டாள்.

சிரிப்பு அடங்கியபோது தங்கை கத்தரியைத் தூக்கி ஆணியில் மாட்டினாள்.

“பாலம் வரட்டும். அப்புறம் வெட்டுறேன்.”

முதலாளி ஓடிவந்தார். “ஏம்மா, உன் கையில கத்தரி இருக்கு, என் கழுத்துல கத்தி இருக்கு. நாளைக்குப் பேனர் போகணும்!”

“கொடி வெட்டித் தர்றேன் முதலாளி. எத்தனை வேணும்னாலும். இதை மட்டும் மாட்டேன்.”

“உனக்கு என்னம்மா வந்துது? இவன் இல்லேன்னா அவன். அவன் இல்லேன்னா இவன். நாம என்ன பண்ண முடியும்?”

முதலாளியின் மேசையில் ஒரு பழைய சட்டை கிடந்தது. கழுத்துப்பட்டி நைந்துபோன சட்டைகளை அவர் வாங்கி, பட்டியைப் பிரித்து, மறுபக்கம் திருப்பித் தைத்துக் கொடுப்பார். தங்கை அதைக் கையில் எடுத்தாள்.

“ஒரு பக்கம் நைஞ்சா திருப்பித் தைக்கிறோம். இதை ஏற்கெனவே திருப்பியாச்சு, பாருங்க. ரெண்டு பக்கமும் நைஞ்சு போச்சு. இன்னும் எத்தனை தடவை திருப்புவீங்க?”

“அதுக்கு?”

“புதுத்துணி எடுத்து வெட்டணும்.”

“யாரு வெட்டுறது?” என்றார் முதலாளி எரிச்சலோடு.

கொட்டிய பொத்தான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள் தரையிலிருந்து சொன்னாள். “வெட்டுறவதான் வெட்டணும். கொடிக்காரியே நிக்கட்டும்!”

மறுபடியும் சிரிப்பு. அக்காவும் சிரித்தாள். தங்கை மட்டும் சிரிக்கவில்லை.

*

“எந்தப் பாலம்?” என்ற கேள்வி கூடத்தைத் தாண்டிச் சந்தைக்குப் போனது. சந்தையிலிருந்து பேருந்தில் ஏறியது. கீழ்க் கட்சியின் கூட்டத்தில் தலைவர், “நாங்கள் தந்த பாலம்...” என்று தொடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “எந்தப் பாலம்?” என்றது. மறுநாள் மாடிக் கட்சியின் கூட்டத்திலும் அதே கேள்வி. பிறகு யாரும் ஏற்பாடு செய்யாமலே எல்லாக் கூட்டத்திலும் அது கேட்டது. பத்திரம் எழுதுகிறவர், பழக்கடைக்காரி, மருத்துவமனை வாசல் காவலாளி என்று ஒவ்வொருவராகக் கூடத்துக்கு வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: நில்லு.

ஒரு மாலை அக்கா கேட்டாள்:

“பயமா இல்லையாடி?”

“இருக்கு. தோத்துருவேன்னு இல்ல. தினம் நீ அந்தப் பலகையில வர்றப்ப நான் கரையில நிக்கிறேனே, அந்த பயத்தை விடவா இது பெருசு?”

மறுநாள் அக்கா மருத்துவமனையில் மனுத் தாக்கல் நாளுக்கு விடுப்பு எழுதிக்கொடுத்தாள். வேட்பாளர் கட்ட வேண்டிய டெபாசிட் பணத்தைக் கூடத்துப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுக் கட்டிவிட்டார்கள்.

மனுத் தாக்கலுக்குச் சில நாள் இருக்கும்போது, ஊர் பார்த்திராத காட்சி ஒன்றை அக்கா பார்த்தாள். மாடிக் கட்சிச் செயலாளரும் கீழ்க் கட்சிச் செயலாளரும் ஒரே படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கீழ்க் கட்சிக்காரருக்கு ஊர் வைத்த பெயர் சிரிப்பு. செத்த வீட்டுக்குப் போனாலும் அந்தச் சிரிப்பு அவர் முகத்தை விட்டு இறங்காது. மாடிக் கட்சிக்காரருக்கு மூட்டுவலி. அவரை எல்லோரும் படிக்கட்டு என்பார்கள்.

அன்று மாலையே இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். ஒரே நாற்காலிதான் இருந்தது. “நீங்க உக்காருங்க”, “இல்ல, நீங்க” என்று இருவரும் உபசரித்துக்கொண்டதைத் தங்கை சமையலறைக் கதவில் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள். கடைசியில் மூட்டுவலி வென்றது.

“தங்கச்சி,” என்றார் படிக்கட்டு, முழங்காலைத் தேய்த்தபடி. “உனக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல்? எங்க மகளிர் அணியில ஒரு பொறுப்பு வாங்கித் தர்றேன்.”

“எங்க அணியிலயும் தரலாம்,” என்றார் சிரிப்பு.

“ரெண்டு பேரும் சேர்ந்து இவ்வளவு தூரம் வந்தீங்களே,” என்றாள் தங்கை. “இதே மாதிரி ஒருநாள் வாய்க்காலுக்குப் போயிருந்தா பாலம் முடிஞ்சிருக்குமே அண்ணே.”

படிக்கட்டு இருமினார். சிரிப்பு இன்னும் நன்றாகச் சிரித்தார். “நில்லும்மா, தாராளமா நில்லு. ஜனநாயகம்தானே. ஆனா மனுவுல கையெழுத்துப் போடணும். கைநாட்டு வைக்கலாம்னு வச்சுக்க, அதுக்கும் விரல்ல ரேகை இருக்கணும். அடையாள அட்டை எடுக்கிறப்ப உன் விரலை மெஷின் மூணு தடவை துப்புச்சாமே? நாங்க ஆட்சேபணை போட்டா அதிகாரி பாவம், என்ன செய்வாரு?”

அவர்கள் போன பிறகு தங்கை தன் கையை விரித்துப் பார்த்தாள். வலது பெருவிரல் வழவழவென்று இருந்தது. எத்தனையோ வருடம் முரட்டுத்துணியைத் தள்ளித் தள்ளி ரேகை தேய்ந்துவிட்டது. நடுவில் ஊசி பாய்ந்த தழும்பு குறுக்கே ஓடியது. இடது பெருவிரலும் அப்படித்தான்.

அக்கா மறுநாளே தேர்தல் அலுவலகத்துக்குப் போய், கைநாட்டு வைக்கலாமா என்று கேட்டாள். அங்கிருந்த எழுத்தர் நல்ல மனிதர். “வைக்கலாம்மா. ஆனா ரேகை தெளிவா விழணும். இல்லேன்னா, யாராவது ஆட்சேபிச்சா மனு தள்ளுபடிதான். திங்கட்கிழமை கடைசி நாள். ஒரு கையெழுத்துப் போட்டுட்டாங்கன்னா எவனும் வாயைத் திறக்க முடியாது.”

*

“விடுக்கா,” என்றாள் தங்கை. “எழுத்துக்கு என்னை எப்பவும் பிடிக்கல.”

“எழுத்தா உன்னை வேண்டாம்னுச்சு? நீதானேடி தூணைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னே. ஒரு பேரு. அஞ்சு எழுத்து. சட்டசபையே போறேன்கிறே, அஞ்சு எழுத்துக்குப் பயப்படுறியா?”

“நீ சொல்லித் தருவியா?”

“வேற யாரு தருவா? மந்திரியா?”

சனிக்கிழமை காலை. அக்கா ஜன்னலோரம் பாயை விரித்தாள். சிலேட்டு இல்லை, தையல் சாக்பீஸும் ஒரு கறுப்புத் துணித் துண்டும் இருந்தன. அக்கா எழுதிக் காட்டத் தொடங்குமுன் தங்கை தடுத்தாள்.

“இரு. என் பேர்ல உள்ள எழுத்தெல்லாம் நான் வெட்டினதுதானே? எதெது எங்க வரும்னு மட்டும் சொல்லு.”

அக்கா யோசித்தாள். “முதல் எழுத்து... மாடிக் கட்சித் தலைவர் பேர்ல நடுவுல வரும். ரெண்டாவது, கீழ்க் கட்சி வேட்பாளர் பேர்ல முதல் எழுத்து.”

“மூணாவது?”

“மாடிக் கட்சி.”

“நாலும் அஞ்சும்?”

“ரெண்டு பேர்லயும் இருக்கு.”

தங்கை கைகொட்டினாள். “பார்த்தியா! ரெண்டு கட்சிக்காரனும் சேர்ந்து எனக்கு ஒரு பேரு கொடுத்திருக்கானுங்க. இதுவரை சேர்ந்து செஞ்ச ஒரே வேலை.”

அவள் துணியின் மேல் குனிந்தாள். சாக்பீஸ் ஒவ்வொரு சுழியையும் அளந்து சுற்றியது. அக்கா பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் புருவம் நெரிந்தது. தங்கை வலது ஓரத்தில் தொடங்கி இடப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள். ஒவ்வொரு எழுத்தும் அழகாக, அச்சில் வார்த்தது மாதிரி, முழுக்க முழுக்கத் திரும்பி நின்றது.

“என்னடி இது? கண்ணாடியில பாக்குற மாதிரி இருக்கு!”

“ஏன், தப்பா? இப்படித்தானே இருக்கும்?”

அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. சாக்பீஸ் கோடு முன்பக்கம் தெரிந்துவிடக்கூடாது என்று, கூடத்தில் எழுத்துகளைத் துணியின் பின்பக்கத்தில் திருப்பி வரைவார்கள். தங்கை பின்பக்கத்தைப் பார்த்துத்தான் வெட்டுவாள். வெட்டியதை அடுத்த ஆள் எடுத்துப் புரட்டி ஒட்டிவிடுவாள். பேனர் ஏறும் நேரத்தில் தங்கை அடுத்த துணியில் குனிந்திருப்பாள். இத்தனை வருடமும் அவள் எழுத்துகளின் முதுகை மட்டுமே பார்த்திருக்கிறாள்.

அக்கா விளக்கிச் சொன்னாள். தங்கை வாயைத் திறந்தபடி கேட்டாள். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் உருண்டார்கள். சிரித்துக்கொண்டிருந்த தங்கையின் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது; அது நிற்காமல் வந்தபோதுதான் அக்கா அவள் தலையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டாள்.

“அழாதடி. உனக்கு எழுத்து தெரியும். திரும்பி நிக்குது, அவ்வளவுதான். திரும்பி நிக்கிறவங்களைக் கூப்பிட்டாத் திரும்பிப் பாப்பாங்க.”

ஆனால் கூப்பிட்டும் அவை திரும்பவில்லை. நாள் முழுக்க முயன்றார்கள். அக்கா நேராக எழுதிக் காட்டினால் தங்கைக்கு அது புது எழுத்தாகத் தெரிந்தது. கை பழைய வழியிலேயே ஓடியது. நேராக எழுத வைத்தால் ஒரு எழுத்து நேராகவும் ஒரு எழுத்து புரண்டும் விழுந்தது. சாயங்காலம் தங்கை சாக்பீஸைத் தூக்கி எறிந்தாள். அக்கா அதைப் பொறுக்கி எடுத்துத் துடைத்து வைத்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை மாமாவின் லாரி வாசலுக்கு வந்தது. கதையைக் கேட்டதும் அவர் முதலில் தொடையில் தட்டிச் சிரித்தார். அக்கா முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

“கொழுந்தியா, நீ என் வண்டிக்கு வா.”

“உங்க வண்டியில பள்ளிக்கூடமா நடக்குது, மாமா?”

“ஏன், இங்க பெஞ்சு பெருசு. உன் முட்டி இடிக்காது.”

அவர் ஒரு மெல்லிய தாளில் அவள் பெயரைப் பெரிதாக, நேராக எழுதச் சொன்னார். அக்கா எழுதினாள், கோடு போட்டு, அளந்து, படுக்கை விரிப்பு மடிக்கிற கவனத்தோடு. மாமா அந்தத் தாளை லாரியின் முன்கண்ணாடியில் வெளிப்பக்கமாக ஒட்டினார். தங்கையை உள்ளே ஏறி உட்காரச் சொன்னார். காலை வெயில் தாளின் ஊடாக வந்தது.

“என்ன தெரியுது?”

“என் பேரு,” என்றாள் தங்கை உள்ளேயிருந்து. “நான் எழுதின மாதிரியே இருக்கு!”

“இப்ப இறங்கு. முன்னால வந்து பாரு.”

தங்கை இறங்கினாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். தாளை அண்ணாந்து பார்த்தாள். மறுபடி ஓடிப்போய் உள்ளே ஏறினாள். மறுபடி இறங்கி வந்தாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் யாரையும் கவனிக்கவில்லை. ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தவள் கடைசியில் வண்டியின் முன்னால் அசையாமல் நின்றாள்.

“அக்கா,” என்றாள் மெதுவாக. “உள்ள இருக்கிற அதுவேதான் இது. நான்தான் சுத்தி வரணும்.”

அன்று மாலைவரை அவள் லாரியின் முன்னால் நின்று எழுதினாள். குழப்பம் வந்தால் ஏறிப் போய் உள்ளேயிருந்து பார்த்துவிட்டு வந்தாள். கைநிறையச் சாக்பீஸ் மாவு. மாமா வண்டியைத் துடைப்பதாகச் சொல்லிக்கொண்டு அதன் பின்பக்கத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். இருட்டும்போது பெயர் நேராக விழுந்தது. அடுத்து எழுதியதில் ஒரு எழுத்து புரண்டது. அதற்கு அடுத்தது மறுபடி நேர்.

“நாளைக்கு எது வரும்னு தெரியலையே,” என்றாள் தங்கை.

அக்காவுக்கும் தெரியவில்லை. “நல்லாத் தூங்கு,” என்று மட்டும் சொன்னாள்.

*

திங்கட்கிழமை தேர்தல் அலுவலகத்தில் கூட்டம் நெரிந்தது. கூடத்துப் பெண்கள் வெளியே மரத்தடியில் நின்றார்கள். முதலாளி கடையைப் பூட்டிவிட்டு அவரும் வந்திருந்தார். உள்ளே வேட்பாளரோடு ஒருவருக்குத்தான் அனுமதி. அக்கா போனாள். சுவரோரம் நாற்காலிகளில் சிரிப்பும் படிக்கட்டும் தங்கள் வக்கீல்களோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அதிகாரி மனுவைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு மேசையின் ஓரத்தில் இருந்த மைப்பெட்டியை அவள் பக்கமாக நகர்த்தினார். அதைச் சிரிப்பு கவனித்தார். வக்கீலின் கை பையிலிருந்த ஆட்சேபணைத் தாளைத் தொட்டது.

“கையெழுத்துப் போடுறேன் சார்,” என்றாள் தங்கை.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். மைப்பெட்டியை எடுத்துக்கொண்டு பேனாவைக் கொடுத்தார். “இங்க. இந்தக் கோட்டுக்கு மேல.”

“யாரும் சொல்லித் தரக்கூடாது,” என்றார் ஒரு வக்கீல் அக்காவைப் பார்த்து. அக்கா உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள்.

தங்கை பேனாவைப் பிடித்தாள். தாளின் மேல் குனிந்தாள். பேனா முனை கோட்டின் வலது ஓரத்துக்குப் போய் நின்றது.

அக்காவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் மனு போய்விடும். தங்கையின் முதுகையே பார்த்தபடி நின்றாள். அந்த முதுகில் இரண்டு சின்ன எலும்புகள் துருத்திக்கொண்டு தெரிந்தன. காய்ச்சலில் கிடந்தபோது துணி நனைத்துத் துடைத்துவிட்ட அதே முதுகு.

பேனா தாளைத் தொடவில்லை. தங்கை அதைத் தூக்கினாள். எழுந்தாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மேசையைச் சுற்றி அதிகாரியின் பக்கமாகப் போனாள். அங்கே நின்று தன் காலி நாற்காலியை ஒரு நிமிடம் பார்த்தாள்.

“என்னம்மா ஆச்சு?” என்றார் அதிகாரி.

“ஒண்ணும் இல்ல சார். முன்பக்கம் வந்து பார்த்தேன்.”

திரும்பி வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை பேனா நேராக இடது ஓரத்துக்குப் போனது. முதல் எழுத்து. அதன் சுழி கொஞ்சம் பெரிதாகப் போயிற்று. இரண்டாவது. மூன்றாவதில் நாக்கின் நுனி பற்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தது. நான்கு. ஐந்து. எல்லாம் நேராக நின்றன.

வக்கீலின் கை பையிலிருந்து வெறுமனே வெளியே வந்தது. சிரிப்பின் முகத்தில் சிரிப்பு இல்லை. அதைப் படிக்கட்டும் பார்த்தார். அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதிகாரி தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். அவள் பெயரை வாய்விட்டுச் சொன்னார். அதுவரை யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. தங்கை திரும்பி அக்காவைப் பார்த்தாள். அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

“கீழே தேதியும் நீங்களே போட்டுருங்கம்மா,” என்றார் அதிகாரி, தாளைத் திருப்பிக் கொடுத்து.

எண்களில் தங்கைக்குத் தடுமாற்றமே இல்லை. அளவுநாடா பார்த்துப் பழகிய கண். சுவரில் தொங்கிய நாட்காட்டியை ஒரு முறை பார்த்தாள். பிறகு குனிந்து, தன் பெயருக்குக் கீழே, நிதானமாக எழுதினாள்: 9-3-2009.